உன் அம்மா மோட்டார்வேயில் ஏறமாட்டாள்

கார்ஸ்டாங்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ரோசலிண்டுக்கு,

இங்கே நான் நலம், உன் அம்மா நலம், கார் நலம். மூன்றாவதைத்தான் நீ முதலில் தேடுவாய் என்பதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். கீறல் இல்லை, நசுங்கல் இல்லை, நேற்று வெளிச்சம் இருக்கும்போதே வீட்டு வாசலில் வந்து நின்றது. மாப்பிள்ளை டங்கனின் முதுகுவலி தேவலையா என்று அம்மா கேட்கச் சொன்னாள். உன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நேரில் சொன்ன வாழ்த்தை, அன்று நீ இருந்த மனநிலையில் காதில் வாங்கியிருக்க மாட்டாய். ஆகவே இங்கே இன்னொரு முறை: நீடூழி வாழ்க.

வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல அம்மா தட்டச்சு செய்கிறாள். என் பார்வையின் நடுப்பகுதி போனதிலிருந்து எதிரே நிற்பவரின் காது தெரிகிறது, முகம் தெரிவதில்லை. எழுத்துகளுக்குக் காதும் கிடையாது. எனவே இதில் அவளைப் பற்றி வருவதையெல்லாம் அவளே அடித்திருக்கிறாள் என்பதை நினைவில் வைத்துப் படி. (ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. அடிப்பதுதான் என் வேலை, பொறுப்பு என்னுடையதல்ல. — தெல்மா)

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி விருந்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. வாசலில் நின்ற நீ, எங்களை உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே கையை நீட்டி, "அம்மா, போதும். சாவியக் குடு. டங்கன் உங்களக் கொண்டுபோய் விடுவாரு. மோட்டார்வேல ஓட்டத் தைரியமில்லாதவங்க காரே ஓட்டக் கூடாது" என்றாய். அம்மா சாவியைக் கைப்பைக்குள் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டே மிச்சமிருந்த கேக்கைச் சாப்பிட்டாள். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறாய். எங்கள் பக்கம் பஸ் வாரத்தில் இரண்டு நாள்தான். என்னால் ஓட்ட முடியாது. அவளும் சாவியைக் கொடுத்துவிட்டால் எங்கள் உலகம் முன்னறை ஜன்னலோடு முடிந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம். நாற்பது வருடம் செய்தி எழுதியவன் என்ற முறையில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தீர்ப்பை அதற்குப் பிறகு எழுது.

அம்மா ஓட்டுநர் உரிமம் வாங்கிய காலத்தில் பரீட்சையில் மோட்டார்வே கிடையாது. பிறகு அந்த அதிவேக நெடுஞ்சாலை வந்த இடத்திலெல்லாம் ஸ்டியரிங்கை நான் வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை இரவு அவள் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தபோது நானே கேட்டேன்.

"வேகந்தான் பயமா, தெல்மா?"

"வேகத்துல என்ன இருக்கு? உள்ள நுழையிற எடந்தான். ஓரமா ஓடிக்கிட்டே, எழுபதுல வர்றவன் முன்னாடி போய்ச் சொருகணும். பாவம், அவன் வழி விட்டாலும் ஒரு கை தூக்கி நன்றி சொல்ல முடியுதா? தப்புப் பண்ணினா நின்னு மன்னிப்புத்தான் கேக்க முடியுதா? மன்னிப்புக் கேக்க எடமில்லாத ரோட்டுல எனக்கென்ன வேல?"

இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

ஆகவே ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம், கெண்டல், ஷேப் மேடு, பென்ரித் வழியாக உன் ஊருக்குப் போகும் பழைய ஏ6 சாலையில் கிளம்பினோம். என் மடியில் உனக்காக அம்மா செய்த ட்ரைஃபிள், பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில், மேலே கிரீம், நடுவே கஸ்டர்ட், அடியில் ஷெர்ரி ஒயினில் ஊறிய கேக். முதல் ஒரு மணி நேரம் அமைதியாகத்தான் போயிற்று. பாலத்தில் வழிவிட்ட வேனுக்கு அம்மா கை தூக்கினாள், டிராக்டருக்குத் தூக்கினாள், குதிரையில் வந்த பெண்ணுக்குத் தூக்கினாள், அப்புறம் குதிரைக்குத் தனியாக ஒரு முறை தூக்கினாள். டங்கன் போனில் வைத்துக்கொடுத்த வழிகாட்டிக் குரல் மட்டும் விடாமல் எங்களை மோட்டார்வேக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அது இழுக்கும்போதெல்லாம் அம்மா, "இல்லம்மா, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவந்தாள். கடைசியில், "இவ மனசு கஷ்டப்படும், நீயே வழி சொல்லு" என்று போனை அணைத்துக் கைப்பையில் போட்டாள்.

அங்கிருந்து நடந்ததற்கெல்லாம் நான்தான் காரணம். எனக்கு ஏ6 மனப்பாடம். ஆனால் நான் மனப்பாடம் செய்தபோது இருந்த ஏ6 அது. லங்காஸ்டருக்குள் நுழைந்ததும், "வலப்பக்கம் பச்சைக் கதவு போட்ட மதுக்கடை வரும், அங்கே திரும்பு" என்றேன். மதுக்கடை பல் மருத்துவமனை ஆகியிருந்தது, கதவு வெள்ளையாகியிருந்தது, தெரு ஒருவழிப்பாதை ஆகியிருந்தது. சுற்றினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் ட்ரைஃபிள் என் சட்டைக் கையை நோக்கி நகர்ந்தது. பாதசாரிக் கடப்பில் கூடையோடு நின்ற ஒரு பெண்மணி ஜன்னலைத் தட்டினார்.

"என்ன கண்ணு, எங்க ஊரு அவ்வளவு புடிச்சுப்போச்சா? மூணாவது தடவையா வர்றீங்க."

"மன்னிச்சுக்கங்க. கெண்டல் வழியாப் போகணும்."

"கெண்டலுக்கா? அதுக்குத்தான் மோட்டார்வே இருக்கே!"

அம்மா நன்றி சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அடுத்த சுற்றில் ஒரு பேக்கரி வேனின் பின்னாலேயே போய் ஊரைவிட்டு வெளியே வந்தோம். அதன் பிறகு எங்கள் பின்னால் வரிசை சேர்ந்தது. ஹாரன் சத்தத்தை வைத்து வரிசை நீளம் என்று நான் ஊகித்தேன். அம்மா ஒவ்வொரு வயல் வாசலிலும் ஒதுங்கி நின்று எல்லோரையும் போகவிட்டாள். "பாத்தியா கிளிஃப், போறவங்க எல்லாம் கை தூக்கிட்டுப் போறாங்க. எவ்வளவு நல்ல ரோடு! ஒருத்தன் மட்டும் ஒத்த விரலத் தூக்கினான். அவனுக்கு என்ன அவசரமோ." (அது எனக்குப் புரியாமல் இல்லை. — தெல்மா)

கெண்டலைத் தாண்டி ஷேப் மேட்டில் ஏறும்போது காரின் குரல் கனத்தது. அந்த ஏற்றத்தில் எல்லா வண்டிக்கும் அப்படித்தான் குரல் மாறும், அதை வைத்தே எந்த வளைவு என்று சொல்லிவிடுவேன். இடதுபக்கம் கல்சுவர் முடிந்து ஒரு வாசல் வரும், அதை ஒட்டித் தொலைபேசிக் கூண்டு இருக்கும், நிறுத்து என்றேன். நிறுத்தினாள். கூண்டு அங்கேயேதான் இருந்தது.

இருபத்திரண்டு வயதில், பனியில் லாரிகள் மாட்டிக்கொண்டன என்று பத்திரிகை என்னை அந்த மேட்டுக்கு அனுப்பியது. மோட்டார்வே வராத காலம். ஸ்காட்லாந்துக்குப் போகிற வண்டியெல்லாம் அந்த ஒரே சாலையில்தான் போகவேண்டும். டிரைவர்கள் ஒரு பண்ணை வீட்டு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் முழங்கால் ஆழப் பனியில் நடந்து கூண்டுக்கு வந்து அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அப்போதெல்லாம் வெளியூர் நிருபர் போனில் சொல்ல, அங்கே ஒரு பெண் கேட்டுத் தட்டச்சு செய்வாள்.

"வெண்மையின் பெருமௌனம் ஷேப் மேட்டின் மீது இறங்கியது," என்று ஆரம்பித்தேன்.

"எத்தன லாரி?" என்றது குரல்.

"சொல்றேன். முதல்ல இந்த மௌனம்..."

"மௌனம் கெடக்கட்டும். எத்தன லாரி? ஆளுங்க உயிரோட இருக்காங்களா?"

சொன்னேன். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

"இன்னும் நெறைய இருக்கா இது?"

உன் அம்மா என்னிடம் முதன்முதலில் பேசிய பேச்சு இதுதான். இல்லை என்று சொன்னால் போனை வைத்துவிடுவாள். ஆகவே எந்த லாரியில் என்ன சரக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். பிஸ்கட், தோல், பீங்கான் குளியல்தொட்டி, ஒரு லாரி நிறைய குடை. குடை வந்ததும் அவள் சிரித்துவிட்டாள். பத்திரிகையில் ஆறு வரிதான் வந்தது. குடை வரவில்லை. அடுத்த வாரம் அலுவலகத்துக்குப் போனபோது மாடியேறி அந்தச் சிரிப்பு யாருடையது என்று விசாரித்தேன்.

இப்போது கூண்டுக்குள் போன் இல்லை. நின்றுபோன இதயத்தை உதைத்துக் கிளப்பும் கருவி ஒன்றை மாட்டியிருப்பதாக அம்மா வாசித்துச் சொன்னாள். "அன்னைக்கே இது இருந்திருந்தா நீ சொன்ன முதல் வரியக் கேட்டதும் எனக்கு உதவியிருக்கும்" என்றாள். இருவரும் உள்ளே நின்றோம். ஒருவருக்கே போதாத இடம். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, காதும் தொப்பியும் தெரிந்தன. எவ்வளவு நேரம் நின்றோம் என்று நான் பார்க்கவில்லை. உன் விருந்து அங்கேதான் போயிற்று. ட்ரைஃபிளில் ஒரு பக்கம் குறைந்திருந்ததற்கும் அதுவே விளக்கம். பசித்தது.

மோட்டார்வே திறந்த வருடம் வண்டிகளெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. மேட்டில் லாரிக்காரர்களுக்குத் தேநீர் ஊற்றிய கடையும் மூடிவிட்டது. பழைய சாலை செத்துவிட்டது என்று அப்போது நானே எழுதினேன். அது தவறு என்பதை நேற்றுக் கண்டுகொண்டேன். நீ கவனமாகப் படிக்கவேண்டிய பகுதி இது.

திங்கள் மதியம் உன் வீட்டில் சாப்பிட்ட ஆட்டிறைச்சி பென்ரித் வருவதற்குள் என்னைத் தூங்கவைத்துவிட்டது. விழித்தபோது கார் நின்றிருந்தது. சுற்றிலும் லாரி இஞ்சின்கள், டீசல் வாசனை, மேட்டுக்கே உரிய அந்தக் காற்றின் ஓயாத இரைச்சல். அம்மா என்னைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பெரிய கடை, பெரிய பெரிய ஜன்னல்கள், எங்கு பார்த்தாலும் கூட்டம். பக்கத்து மேஜையில் ஒரு லாரி டிரைவர். பழைய பழக்கம், விசாரித்தேன்.

"இந்த ரோட்டுல அடிக்கடி வருவீங்களா?"

"தெனம் ரெண்டு தடவ வருவேன் ஐயா."

"இங்க இப்ப ஈ காக்காகூட வர்றதில்லன்னு சொன்னாங்களே?"

"இங்கயா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "வெள்ளிக்கிழம வந்து பாருங்க, வண்டி நிறுத்த எடங் கெடைக்காது!"

அம்மா தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பழைய கடையின் மேஜையை ஒரு முறை தடவிப் பார்த்தேன். காரில் ஏறியதும் மறுபடியும் கண்ணயர்ந்தேன். அடுத்து விழித்தபோது வீடு. போகும்போது ஒரு பகல் முழுக்க ஆனது, திரும்பும்போது தேநீரோடு சேர்த்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. வழி சரியாகத் தெரிந்துவிட்டால் பழைய சாலை எந்த மோட்டார்வேக்கும் சளைத்ததல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இதைப் பத்திரிகைக்கும் எழுதப் போகிறேன்.

ஆகவே ரோசலிண்ட், உன்னைக் கேட்டுக்கொள்வது இதுதான். உன் அம்மா மோட்டார்வேயில் ஏறமாட்டாள். இன்றைக்கும் ஏறமாட்டாள், என்றைக்கும் ஏறமாட்டாள். அறுபது வருடமாக அவளை அறிந்தவன் சொல்கிறேன். அது கோழைத்தனமும் அல்ல. நின்று மன்னிப்புக் கேட்கக்கூடிய வேகத்தில் வாழ்கிறவள் அவள், அவ்வளவுதான். அவளை மாற்றப் பார்க்காதே, சாவியையும் கேட்காதே.

உன் வீட்டு அடுப்பு அணையாமல், டங்கனின் முதுகு வளைந்துகொடுத்து, இருவரும் எல்லாச் சுகத்தோடும் இருக்கவேண்டும். அடுத்த மாதம் வருகிறோம்.

என்றும் உன் நலம் கோரும்
அப்பா
கிளிஃபர்ட் என்ட்விசில்

பின்குறிப்பு: ரோஸ், இது அம்மா. உங்கப்பா சொல்லி முடிச்சாச்சு. கவர்ல அட்ரஸ் அடின்னு சொல்லியிருக்கார், அந்த நேரத்துல இத அடிக்கிறேன். பென்ரித் ரவுண்டானா வர்றப்ப அவர் குறட்டை. ஒரு போர்டுல ஷேப், இன்னொண்ணுல எம்6 மோட்டார்வே. நீ கைய நீட்டிக்கிட்டு நின்னதுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. எம்6-ல ஏறிட்டேன். ஆடு ஏத்துன லாரி ஒண்ணு எனக்கு வழி விட்டுச்சு. கை தூக்கினேன். அவன் பாத்தானோ இல்லையோ, தூக்கினேன். அப்புறம் அவன் என்னத் தாண்டிப் போனதும், அந்த ஆடுங்க மொகத்தப் பாத்துக்கிட்டே பின்னாலயே வந்தேன். முதல்ல வந்த கடையிலயே தேநீருக்கு நிறுத்தினேன். அது மோட்டார்வே கடை. முழிச்சு எழுந்து, "கடைய மறுபடியும் தெறந்துட்டாங்களா தெல்மா?"ன்னு கேட்டார். அந்த மொகத்தப் பாத்திருந்தா நீயும் ஆமான்னுதான் சொல்லியிருப்ப.

அதனால சாவி எங்கிட்டயே இருக்கும். ஒரு அவசரம்னா ஏறிருவேன், கவலப்படாத. ஆனா அடுத்த மாசமும் பழைய ரோட்டுலதான் வருவோம். மோட்டார்வேல அவர் கண்ணு தெரியாத ஒரு மனுஷன், சும்மா உக்காந்து வரணும். அந்த ரோட்டுல அவர்தான் பாக்கறவர், நான் ஸ்டியரிங்கப் புடிக்கிறவ. மதியச் சாப்பாடு வேணாம், ராத்திரிக்குச் செஞ்சு வை. கடையப் பத்தி அவர்கிட்ட மூச்சு விடாத. பத்திரிகைக்கு எழுதப்போற கடுதாசியும் என் கை வழியாத்தான போகணும், அது தபால்ல தொலஞ்சிரும்.

"அட்ரஸ் அடிக்க இவ்வளவு நேரமா?"ன்னு கேக்கறார். உன் தெருப் பேரு நீளம்னு சொல்லிட்டேன்.