கெட மறுத்த ரத்தம்

ரத்தத்தில் ஒரு பிழையும் இல்லை என்று துறைமுக டொக்டர் சொன்னபோது இராகுலனுக்கு அழுகை வந்துவிட்டது.

திருகோணமலைத் துறைமுகத்து இழுவைப்படகின் எஞ்சின் அறையில்தான் அவனுக்கு வேலை. இருபத்திரண்டு வருடச் சூடும் இரைச்சலும் அவனைப் பாதிச் செவிடனாக்கியிருந்தன. வீட்டில் அவன் உப்புக் கேட்டால் அடுத்த வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வருவாள். கரையில் ஒரு வேலை காலியாக இருப்பதாகவும், போன முறை அதை நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ள ஒருவனுக்குத்தான் கொடுத்தார்கள் என்றும் படகுச் சமையல்காரன் அபூதாஹிர் சொன்னதிலிருந்து, எஞ்சின் அறைக்குள் இறங்கவே அவனுக்கு வெறுத்துப்போனது.

"சீனி கொஞ்சமும் இல்லையா டொக்டர்? வடிவாப் பாருங்கோ."

"இல்லை. வாற மாதிரியும் தெரியேல்லை. சீ.ஆர்.பி.யும் குறைவாத்தான் இருக்கு."

"அதென்ன?"

"உடம்புக்குள்ள அழற்சி இருந்தால் ரத்தத்தில அது கூடும். கனகாலம் கூடியே நிண்டால் பிறகு சீனி வருத்தம் வாற சாத்தியமும் கூட. அதுதான் காரணமெண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. உங்களுக்கு அந்தப் பயம் இல்லை, சந்தோசமாப் போங்கோ."

இராகுலன் சந்தோசமாகத்தான் போனான். உலகத்தில் இப்படியொரு வசதி இருப்பது அவனுக்கு இதுவரை தெரியாது. வருத்தம் வேண்டாம், வருத்தம் வரப்போகிறது என்ற கடதாசி போதும். அடுத்த மாதம் மறுபடி சோதிக்க ஒரு திகதியும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அழற்சியை வளர்ப்பது எப்படி என்று அபூதாஹிரிடம் கேட்டான்.

"நல்லாத் தின் மச்சான், நல்லாப் படு. வயிறு வெச்சா எல்லா வருத்தமும் தன்னால வரும்."

கிண்ணியாத் தொதல் இனிப்பும் பொரித்த றோல்ஸும் பை நிறைய வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். மனைவி கமலாதேவி வாசலிலேயே பையைப் பிடித்தாள்.

"இவ்வளவும் ஆருக்கு?"

"எனக்குத்தான். சீ.ஆர்.பி. கூடினால் சீனி வருத்தம் வருமாம், டொக்டர் சொன்னவ," என்று கத்தினான். பாதி உண்மையைச் சொன்னால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் சாப்பிட விடுவாள் என்பது அவன் நினைப்பு.

தொதல் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் போனது. சீனிப் போத்தல் அலுமாரிக்குள் பூட்டப்பட்டது. குரக்கன் பிட்டும் பாவற்காயும் மேசைக்கு வந்தன. விடிந்தால் உப்புவெளிக் கடற்கரையில் நடை. அவன் முன்னால், மாட்டை ஓட்டுகிறவள் போலக் கமலாதேவி பின்னால்.

"எனக்கு ஏலாது கமலா."

"உங்களைப் பாயில பாக்க எனக்கும் ஏலாது. நடவுங்கோ."

அவள் உண்மையாகவே பயந்துபோயிருக்கிறாள் என்று தெரிந்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தான். எஞ்சின் அறை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு நடந்தான்.

மாதம் முடியும்போது காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. தெரியாத ஓர் ஆய்வுகூடத்தில் களவாகச் சோதித்தால், சீ.ஆர்.பி. முன்னதைவிடக் குறைந்திருந்தது.

"இதை எப்பிடித்தான் கூட்டுறது பிள்ளை?"

ரத்தம் எடுத்த பெண் அவனை ஒருமாதிரிப் பார்த்தாள். "காயம், வீக்கம் ஏதும் இருந்தால் ஏறும். ஏன் கேக்கிறியள்?"

அவன் நேரே மீன் சந்தைக்குப் போய்க் கெளிறு விற்கிறவன் முன்னால் குந்தினான். கெளிற்று முள் குத்தினால் என்ன பாடு என்று அந்தக் கடற்கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"அண்ணை, முள்ளு கவனம்," என்றான் மீன்காரன்.

இராகுலன் கவனமாகத்தான் குத்திக்கொண்டான்.

பெருவிரல் கதலிப்பழம் போல வீங்கியது. கமலாதேவி மஞ்சள் அரைத்துக்கொண்டு துரத்த, அவன் வீட்டைச் சுற்றி ஓடினான். இரண்டாம் நாள் காய்ச்சலோடு துறைமுக டொக்டரிடம் போய் மற்றக் கையை நீட்டி ரத்தம் கொடுத்தான். சீ.ஆர்.பி. எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"எங்கயாவது காயம் பட்டதோ?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லையே," என்றான், கையைக் காற்சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாக விட்டபடி.

"அப்ப கவனிக்கத்தான் வேணும். போன ரிப்போட் மாதிரி இதையும் துறைமுகக் கந்தோருக்கு அனுப்புறன்."

வலியில் கண்ணீர் வந்தது, அதோடு சிரிப்பும் வந்தது. அடுத்த நாள் கந்தோரில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பஸ்மியாவின் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"தங்கச்சி, இனி எனக்குக் கரையிலதானே?"

பஸ்மியா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"இந்தச் சோதனையை ஏன் அண்ணா திரும்பச் செய்தீங்க? கரை வேலை சிக்னல் கோபுரத்தில, அங்க லிப்ட் இல்லை. போன முறை போட்டவருக்குப் படியேற ஏலாமப் போனதால, இந்த முறை நல்ல சுகமான ஆள்தான் வேணுமெண்டு உங்கட முதல் ரிப்போட்டைப் பாத்த அண்டைக்கே உங்களை அதுக்குப் போட்டாச்சு, கடிதம் வரத்தான் பிந்தினது. புது ரிப்போட்டைப் பாத்து இண்டைக்குக் காலையிலதான் உங்கட பேரை வெட்டினாங்க."