வெறும் குழியில் எழுந்த புகை

பிளம் ஹாலோ, டெக்சஸ்
செவ்வாய்க்கிழமை காலை

கர்த்தருக்குள் அன்பான தங்கை வெர்லீனுக்கு,

அக்கா ஓசெல்லா எழுதுவது. இங்கே என் இடது முழங்காலையும் கிணற்று மோட்டாரையும் தவிர மற்ற எல்லாம் ஆண்டவர் தயவில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே ஃபோர்ட் வொர்த்தில் நீயும் உன் சர்க்கரை வியாதியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன். ஏழு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். மன்னிப்புக் கேட்க அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. அம்மாவின் அடக்கத்தன்று நீ மின்சாரச் சட்டியில் வேகவைத்த பிரிஸ்கெட்டைக் கொண்டுவந்து வைத்தபோது, சபைக் கூடத்தில் நாற்பது பேர் முன்னால், "இது பிரிஸ்கெட் இல்ல, நனைஞ்ச மாட்டுக்கறி" என்று நான் சொன்னது சொன்னதுதான். மாட்டின் நெஞ்சுக்கறி என்றால் அது குழியில், ஓக் விறகுப் புகையில், பதினாலு மணி நேரம் கிடந்து மேலே கறுத்துப் பொருக்குத் தட்டி வரவேண்டும். அப்பா அப்படித்தான் செய்தார். அவர் கையால் கட்டிய செங்கல் குழியில் நானும் ஐம்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். அஞ்சாம் வகுப்போடு பருத்தி எடுக்கப் போனவள் நான். எனக்கு எழுத்தில் பிழை வரும், பிரிஸ்கெட்டில் வராது.

எழுதுவது ஹாலிஸ் அண்ணனுக்காக. ஆகஸ்டில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவர் என் வீட்டு முன்னறையில்தான் படுத்திருக்கிறார். முகம் வற்றிப்போனதில் பல்செட் பொருந்தவில்லை, கழற்றி டம்ளரில் போட்டு வைத்திருக்கிறார். சூப் கொடுத்தால் இரண்டு கரண்டி குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு நர்ஸ் எடைபார்க்கும் தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். போன வாரம் நூற்றுப் பதினெட்டு பவுண்டு. இதற்கு மேல் ஒரு பவுண்டு குறைந்தாலும் வட்டத் தலைநகரத்தில் இருக்கும் முதியோர் விடுதிக்குக் கொண்டுபோக எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று, பாவம், தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். அவள் போனபின் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "அங்க போனா திரும்பி வரமாட்டேன் ஓசெல்லா. ஞாயித்துக்கெழம பிரிஸ்கெட் பண்ணு. அது எறங்குதான்னு பாப்போம்" என்றார். அவர் இந்த வருஷத்தில் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதனால் எனக்கு இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இப்போது ஊர் நிலைமையைக் கேள். ஜூனிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை, புல் பாப்கார்ன் மாதிரி வெடிக்கிறது, வெளியில் நெருப்பு மூட்டக்கூடாது என்று வட்டம் முழுக்கத் தடை போட்டிருக்கிறார்கள். என் பேத்தி கெசாயா இப்போது நம் ஊர் தொண்டர் தீயணைப்புப் படைக்குக் கேப்டன், உனக்குத் தெரிந்திருக்காது. இருபத்தாறு வயது. இந்தப் பக்கத்தில் அந்தத் தொப்பியைப் போட்ட முதல் பெண். பேப்பரில் இரண்டு முறை படம் வந்தது, இரண்டையும் வெட்டி என் வேதாகமத்தில் சங்கீதத்துக்கு நடுவில் வைத்திருக்கிறேன். தடை நோட்டீசை என் வாசல் கேட்டில் ஆணி அடித்ததும் அவள்தான். மற்ற வீடுகளுக்கு ஒன்று, எனக்கு மட்டும் இரண்டு. மூடி போட்ட இரும்பு அடுப்பில் சமைத்தால் தடை இல்லையாம். அப்பாவின் குழி திறந்த குழி, தகரம் போட்டு மூடுவது கணக்கில் சேராதாம். இரும்பு அடுப்பை இரவல் வாங்கலாமே என்பாய். நம் தெருவில் மூன்று வீட்டில் இருக்கிறது. மூன்று வீட்டுப் பிரிஸ்கெட்டைப் பற்றியும் நான் ஏற்கெனவே கருத்துச் சொல்லியிருக்கிறேன். அதோடு, குழியில் செய்தாலும் அந்தக் கறுத்த பொருக்கை அண்ணன் வெறும் ஈறால் என்ன செய்வார் என்ற யோசனையும் இருந்தது. ஆகவே, கெசாயாவிடம் கிடந்த ஒரு மின்சாரச் சட்டியை, அவசரத்துக்கு, ஒரே ஒரு நாளைக்கு என்று வாங்கினேன். செய்முறை என் தலையிலிருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தேன். பத்து பவுண்டு கறி அந்தச் சட்டிக்குள் போகவில்லை, காலை மடக்கி உட்கார மறுக்கும் பிள்ளை மாதிரி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. வேகுமுன் பிரிஸ்கெட்டில் கத்தி வைப்பவர்களைப் பற்றி நான் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். இரண்டாக வெட்டினேன். உப்பு, மிளகு, பழுப்புச் சர்க்கரை, கடுகுத்தூள் தேய்த்து, அடியில் வெங்காயம் பரப்பி, தக்காளிச் சாஸும் வினிகரும் ஊற்றி, புகை வாசனைக்கென்று புட்டியில் விற்கிறார்களே புகைத் தண்ணீர், அதிலும் ஒரு கரண்டி விட்டேன். அதை வாங்க இருபது மைல் தள்ளி வேறு ஊர்க் கடைக்குப் போனேன். நம் ஊர்க் கடையில் என்னைத் தெரியும். சட்டியைத் துணி துவைக்கும் அறையில் வைத்து மேலே நீலத் துண்டைப் போட்டு மூடிவிட்டு ஆராதனைக்குப் போனேன். போதகர் எதைப் பற்றிப் பேசினார் என்று கேட்காதே. குழியில் வேலை செய்த கை சும்மா இருக்காது, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தகரத்தைத் தூக்கிப் பார்த்தே பழகிவிட்டது. வீட்டுக்கு வந்ததிலிருந்து மூன்று மணிக்குள் அந்த மூடியைப் பதினொரு தடவை திறந்தேன். திறந்த ஒவ்வொரு தடவையும் உள்ளே இருந்த சூடு என் முகத்தில் அடித்து வெளியே போயிற்று. மூன்று மணிக்குக் கத்தியால் குத்திப் பார்த்தால் குதிரைச் சேணம் மாதிரி இருக்கிறது. என்னை நானே நம்பமுடியாமல், ஒரு செங்கல்லை அலுமினியத் தாளில் சுற்றி மூடி மேல் வைத்தேன். அது அப்பாவின் குழியிலிருந்து எடுத்த செங்கல்.

அப்போதுதான் முன்னறையிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். ஜன்னல் பக்கம் மூக்கை வைத்துப் படுத்திருக்கிறார். "ஞாயித்துக்கெழம, மணி மூணாச்சு. புகை எங்க?" என்றார். வரும் என்றேன். "சமைக்கல இல்ல, நீ" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வெர்லீன், அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புகை வாசனை வராமல் அந்த மனுஷன் வாயைத் திறக்கப்போவதில்லை, காலையில் நர்ஸ் வந்துவிடுவாள். மூன்று குச்சி. எண்ணி மூன்றே மூன்று ஓக் குச்சி. குழியில் போட்டுப் பற்றவைத்துத் தகரத்தை மூடினேன். காற்று வாட்டமாக ஜன்னல் பக்கம் போயிற்று. அண்ணன் மெல்லத் திரும்பிப் படுத்தார். எதிர்வீட்டில் இருக்கும் நம் சபை டீக்கன் டேட்டம் மெல்ல டெலிபோனை எடுத்தார்.

சைரன் போட்டுக்கொண்டு பெரிய வண்டியே வந்தது. முன்னால் குதித்து இறங்கியது என் பேத்தி. என்னைப் பார்த்துவிட்டு அரை நிமிஷம் நின்றாள், பிறகு குழாயை எடுத்தாள். என் மூன்று குச்சிக்கு அவர்கள் அடித்த தண்ணீரில் ஒரு ஞானஸ்நானத் தொட்டி நிரம்பும். தகரம் பறந்து கோழிக்கூண்டில் விழுந்தது. கொடியில் காய்ந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளும் நான் போட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை உடுப்பும் சாம்பல் தெறித்துக் கறுத்துப்போயின. நான் அசையவில்லை. பேத்தி வேலை செய்கிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றும் சொல்லலாம்.

"தடை போட்டது தெரியுமில்ல பாட்டி?"

"தெரியும். நீதான ஆணி அடிச்ச."

அவள் குழிக்குள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். "கறி எங்க?" என்றாள்.

ஐம்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அவள் மூக்கு அப்பாவின் மூக்கு. மோப்பம் பிடித்துக்கொண்டே நேராகத் துவைக்கும் அறைக்குப் போய், துண்டைத் தூக்கி, செங்கல்லை இறக்கி, சட்டியை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தாள். தூக்கும்போது அடியைப் பார்த்தாள். அடியில் ஏதோ பழைய ஒட்டுத்தாள் துண்டு, அதில் ஏதோ எழுத்து, சபை விருந்துக்குக் கொண்டுபோகும் பாத்திரங்களில் எல்லாரும் பேர் எழுதி ஒட்டுவோமே, அந்த மாதிரி. என் கண்ணாடி கையில் இல்லாததால் நான் படிக்கவில்லை. அவள் படித்தாள். என்னைப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து அறிக்கைத் தாளை எடுத்தாள்.

"என்ன வேணா எழுதிக்கோ கண்ணு," என்றேன். "தடைய மீறினேன்னு எழுது, கெழவிக்குப் புத்தி பெசகிடுச்சுன்னு எழுது. குழி வெறுமையா இருந்துச்சுன்னு மட்டும் எழுதாத."

"பொய் எழுத நீங்க எனக்குச் சொல்லித்தரலையே பாட்டி" என்றாள்.

எழுதிவிட்டாள். தீயணைப்புப் படையின் வியாழக்கிழமைக் கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசிப்பார்கள். இப்படி ஒரு பிள்ளையை நான்தான் வளர்த்தேன், அதைப் பெருமையோடு சொல்கிறேன், இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை என்பது வேறு விஷயம்.

ஆறு மணிக்குக் கறி வெந்தது. நாரோட்டத்துக்குக் குறுக்கே அறுக்கப் போனேன், கத்திக்கு வேலையே இல்லை, முள்கரண்டி பட்டதும் உதிர்ந்தது. வெள்ளை ரொட்டியைச் சாற்றில் நனைத்து, மேலே கறியை வைத்து, அண்ணன் மடியில் கொண்டுபோய் வைத்தேன். அவர் முகர்ந்து பார்த்தார். ஒரு வாய் எடுத்தார். ஈறால் அரைத்தார். விழுங்கினார். இன்னொரு வாய். நானும் கெசாயாவும் கதவோரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம், அவள் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. தட்டுக் காலியானது. இன்னும் கொஞ்சம் வை என்று தட்டை நீட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"வெர்லீன் எப்ப வந்தா?"

வெர்லீன் வரவில்லை, இது நான் செய்தது என்றேன்.

"அவ கைப்பக்குவந்தான். வினிகர் மட்டும் கொறச்சுட்டா" என்றார்.

வெளியே நின்ற மூன்று தீயணைப்பு வீரர்களும் ஆளுக்கு ஒரு ரொட்டியில் வாங்கித் தின்றார்கள், நெருப்பை அணைத்த களைப்பாம். நேற்று நர்ஸ் வந்தாள். ஒன்றரை பவுண்டு கூடியிருக்கிறது. தராசைத் தட்டிவிட்டு மறுபடி நிறுத்துப் பார்த்தாள். சரி, அடுத்த திங்கட்கிழமைவரை இருக்கட்டும் என்றாள்.

அவ்வளவுதான் செய்தி. அண்ணன் உன்னைக் கேட்டார் என்பதால் தெரிவிக்கிறேன், வேறொன்றும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையையும் நானே பார்த்துக்கொள்வேன். நீ சிரமப்பட்டு வரவேண்டியதில்லை. என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை.

உன்னையும் உன் பிள்ளைகளையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் சர்க்கரை இறங்கட்டும், இங்கே மழை இறங்கட்டும்.

உன் அக்கா,
ஓசெல்லா

பி.கு.: சட்டி கெசாயாவுடையது அல்ல. அடக்கத்தன்று நீ அழுதுகொண்டே போனபோது கூடத்தில் விட்டுப்போன உன் சட்டி. சபைச் சந்தையில் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பினேன், கொடுக்கவில்லை. ஏழு வருஷமாக என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அடியில் உன் பேர் அப்படியே இருக்கிறது, கழுவும்போது அதில் தண்ணீர் படவிடமாட்டேன். செய்முறையும் என் தலையிலிருந்து வரவில்லை, சட்டியோடு உன் கையெழுத்தில் ஒரு அட்டையும் இருந்தது. அதில் வினிகர் எவ்வளவு என்று நீ எழுதவே இல்லை. அந்த அறிக்கையை வாசிக்குமுன், நாளைப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று நானே சொல்லிவிடப்போகிறேன். அன்றைக்குக் கேட்ட நாற்பது பேரில் இருபத்தாறு பேர்தான் மிச்சம், இருக்கிறவர்கள் கேட்கட்டும். அவர்களிடம் சொல்லப்போவதை உனக்கு முதலில் சொல்கிறேன். அன்று அப்படிப் பேசுமுன்பே கூடத்துச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று உன் பிரிஸ்கெட்டை இரண்டு தட்டுத் தின்றேன். இரண்டாவதை அம்மாவின் பங்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணனிடம் நீ சனிக்கிழமை வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். இரண்டு மணிப் பேருந்துக்குக் கெசாயா வண்டியோடு நிற்பாள், சைரன் போடமாட்டாள். வினிகர் வாங்கி வைத்திருக்கிறேன்.