முதுகுக்குப் பின்னால் ஓடிய படம்

ஒரே ஒரு வரி போடச் சொன்னாள் மனைவி. போட்டுத் தொலைத்திருக்கலாம் என்று கண்ணாடிக்கடைக்காரர் இன்றைக்கும் புலம்புகிறார். கேட்பவர்கள் சிரித்துவிடுவதால் இப்போதெல்லாம் மனசுக்குள்ளேயே புலம்புகிறார்.

குடியிருப்பில் பசுமை விழா. மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி, அவரவர் எடுத்த குறும்படங்களைப் போடப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்ததுமே அவர் முடிவெடுத்துவிட்டார். தன் வீட்டு மொட்டைமாடித் தோட்டம்தான் படம், நாயகன் தானேதான். அந்தத் தோட்டத்தை ஆறு வருஷமாக வளர்த்தவள் மனைவி. அவர் மாடிக்குப் போவது காய்ந்த துணியை எடுக்க மட்டும், அதுவும் மழை வந்தால். இதெல்லாம் அவருக்குச் சில்லறை விவரங்கள்.

மனைவியின் போனில் மனைவியே படம் பிடித்தாள். அவர் பூவாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசிக் காட்சி முடிகிறபோது, போனை இறக்காமலே அவள் கேட்டாள்.

"படம் முடிஞ்சதும் எழுத்து ஓடுமே, அதுல எனக்கு ஒரு வரி போடுங்க."

"என்னன்னு?"

"செடி வளர்த்தது மனைவின்னு."

"படத்தோட வேகம் கெட்டுடும்மா."

"ஒரு வரியிலயா?"

"கலைன்னா அப்படித்தான். உனக்குப் புரியாது."

"சரி," என்றாள் அவள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊர்ப்பட்ட பேருக்குக் கண் பார்த்துக் கண்ணாடி கொடுக்கிற மனுஷனுக்கு எதிரில் நிற்பவள் முகம் தெரியவில்லை.

கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அவள் குரல் வந்த இடத்தையெல்லாம் நறுக்கி எறிந்தார். கதை, நடிப்பு, இயக்கம், தோட்டம் என்று நாலு வரி போட்டு நாலிலும் தன் பேரையே போட்டுக்கொண்டார். நாலு வரிக்கு வேகம் கெடவில்லை.

விழாவன்று கடையில் நல்ல கூட்டம். படத்தைப் பென் டிரைவில் போட்டு அவளிடமே கொடுத்தனுப்பினார். அரைமணியில் போன் வந்தது.

"குடுத்தாச்சுங்க. இன்னொரு விஷயம். பசுமை விழாங்கிறதால அங்க வெளிக் கரண்ட் கிடையாதாம். சைக்கிள் மிதிச்சு வர்ற கரண்ட்லதான் படம் ஓடுமாம், படத்துக்கு ஒருத்தர் மிதிக்கணுமாம். நம்ம படத்துக்கு உங்க பேரைக் குடுத்துட்டேன்."

"நானா?"

"டைரக்டரே மிதிச்சா அது தனி கௌரவம்னு டாக்டரம்மா சொன்னாங்க."

டாக்டரம்மா எதிர்வீட்டுப் பல் டாக்டர். விழாப் பொறுப்பு அவருடையது. கௌரவம் என்றதும் கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் போய் நின்றார்.

சைக்கிளைப் பார்த்த பிறகுதான் சுருக்கென்றது. திரைக்கு ஓரத்தில், ஜனங்களைப் பார்த்தபடி அதை நிறுத்தியிருந்தார்கள். மிதிப்பவரைக் கைதட்டி உற்சாகப்படுத்த அதுதான் வசதியாம். படம் முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால்.

"டாக்டரம்மா, சைக்கிளைக் கொஞ்சம் திருப்பிப் போடலாமா?"

"ஒயர் எட்டாதுங்க. நீங்க மிதிங்க."

மிதித்தார். கழுத்தைத் திருப்பினால் கால் தப்பியது. வேறு வழியில்லாமல் எதிரில் இருந்த முகங்களைப் பார்த்தார். முன்வரிசையில் மனைவி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் நிமிஷத்திலேயே மைதானம் சிரித்தது. சிரிக்க அதில் ஒன்றும் இல்லையே என்று யோசிக்கும்போதே ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"இது கத்தரியா, வெண்டையா?"

"தக்காளிங்க."

"காய் எங்க?"

"அது மேலதான் நிக்கிறீங்க."

நறுக்கி எறிந்ததெல்லாம் மறுபடி முளைத்திருந்தது. வெட்டாத படம் அவள் போனிலேயே இருந்ததை அவர் யோசிக்கவே இல்லை. கால் தானாக நின்றது. திரை மங்கியது. "சார், மிதிங்க சார்" என்று நாலா பக்கமும் குரல்.

"நம்ம படம்ங்க," என்றாள் மனைவி சாந்தமாக. "பாதியில நிறுத்தலாமா?"

நிறுத்தினால் கோழை, மிதித்தால் கோமாளி. தன் மானத்தைத் தன் காலாலேயே மிதித்தார்.

கடைசிக் காட்சி வந்தது. ஒரு வரி போடச் சொல்லி அவள் கேட்பதும், உனக்குப் புரியாது என்று அவர் சொல்வதும், பிறகு அந்தச் 'சரி'யும். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மாடியில் அன்றைக்கு அந்தச் 'சரி' அவர் காதிலேயே விழவில்லை. இங்கே மைதானம் முழுக்கக் கேட்டது. ஆறு வருஷம் தினமும் ரெண்டு குடம் தண்ணீரை மாடிக்குச் சுமந்தவள் கேட்டது ஒரு வரிதானே என்று நினைத்தபோது அவருக்கு வெட்கத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. எழுத்து ஓடுகிற நேரம் என்று புரிந்தது. அவள் பேராவது மங்காமல் தெரியட்டும் என்று மூச்சு முட்ட மிதித்தார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், அவருக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்த்து.

வீட்டுக்கு நடக்கும்போது அவரே பேச்செடுத்தார்.

"தப்புதான்மா. உன் வரியை நான் போட்டிருக்கணும்."

"பரவாயில்லைங்க. நானே போட்டுக்கிட்டேன். டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாங்க."

கேட்கக்கூடாது என்றுதான் இருந்தார். முடியவில்லை.

"என் பேரு எங்கயாவது வந்துச்சா?"

"வராமயா? படத்தோட வேகம் கெட்டுடுமோன்னு முதல்ல யோசிச்சேன். போனாப் போகுதுன்னு உங்களுக்கும் ஒரு வரி போட்டுட்டேன்."

"என்னன்னு?"

"மின்சாரம்னு."