பழனி செயின்

மைசூரில் பைக் ஏற்றிப்போகும் ட்ரெய்லரைக் கண்டுபிடித்தவன் நான்தான்.

பொய். கண்டுபிடித்தது வேறு ஆள். நான் அதை வாங்கி, ஓட்டி, குறை சொன்னவன். குறை சொல்வதற்குப் படிப்பு வேண்டாம். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். (நின்றவன் என்பதும் பெருமைக்குச் சொல்வது. வாத்தியார் நிறுத்திட்டாரு.) இந்த எழுத்துகூடக் கல்யாணத்துக்கு அப்புறம் என் பொண்டாட்டி கற்றுக்கொடுத்தது. தப்பு இருந்தால் அவளைக் கேளுங்கள்.

தொண்ணூறுகளில் நடந்த கதை இது. அப்போது மைசூர்ப் பையன்களுக்கு மண் ரேஸ் பைத்தியம். மைதானத்தில் மண்ணைக் கொட்டி மேடு பள்ளம் செய்து, அதில் பைக்கைப் பறக்க விடுவார்கள். அந்த பைக்குகளுக்கு லைட்டும் இருக்காது, நம்பர் பிளேட்டும் இருக்காது; ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். யாராவது ஏற்றிக்கொண்டு போக வேண்டும். என்னிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. அதன் பின்னால் கொக்கி போட்டு இழுக்க ஒரு ட்ரெய்லர் வாங்கினேன்.

சும்மா ட்ரெய்லர் இல்லை. பின்பக்கக் கதவைக் கீழே இறக்கினால் அதுவே சாய்வுப் பலகை ஆகிவிடும். பைக்கை அதன்மேல் உருட்டி உள்ளே ஏற்றலாம். உள்ளே சுவரோடு மடக்குகிற கட்டில் ஒன்று. பைக்கும் போகும், பைக்காரனும் தூங்கிக்கொண்டே போவான். கதவை மூடியதும் ஒரே ஒரு பின் சொருகுவோம். என் கட்டைவிரல் தடிமனில், ஒரு சாண் நீளத்தில், கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் இரும்புப் பின். அந்த ட்ரெய்லரிலேயே அழகான சாமான் அதுதான். இந்தக் கதைக்கு வில்லனும் அதுதான் என்று ஒரு காலை நேரம் முழுக்க அடித்துச் சொன்னேன். வில்லன் யாரென்று பொறுத்துப் பாருங்கள்.

எங்கள் மேட்டுகள்ளி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் ட்ரெய்லர் செய்கிற கம்பெனி. கம்பெனி என்றால் ஒரு தகர ஷெட், ஒரு ஆபீஸ் ரூம். முதலாளி புட்டசாமி சார். வெல்டிங், ஃபிட்டிங் எல்லாம் அன்னூர்ப் பக்கத்துத் தங்கவேல் அண்ணன். அதுவரை இந்த மாதிரி மூன்றே மூன்று ட்ரெய்லர்தான் விற்றிருந்தார்கள். அதை வாங்கிய மூன்று பேரும் கம்பெனி எதிரே இருந்த டீக்கடையில் தினமும் கூடுவோம். ஒருத்தர் சக்கரம் கத்துகிறது என்பார். ஒருத்தர் மழை ஒழுகுகிறது என்பார். நான் எல்லாமே சரியில்லை என்பேன். அதனால் என்னைத் தலைவராக ஏற்றுக்கொண்டார்கள். (அவங்க ஏத்துக்கல. நானே சொல்லிக்கிட்டேன்.)

புகார் எழுத ஆபீஸ் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் நூலில் தொங்கும். எனக்குத்தான் அப்போது எழுத வராதே, படம் வரைந்து வைப்பேன். ட்ரெய்லர் ஒழுகுகிறது என்று ஒருநாள் வரைந்ததைப் பார்த்துப் புட்டசாமி சார் கேட்டார்:

"பழனி, யானை ஏனப்பா அழுதுட்டிருக்கு?"

அவரிடம் என்ன குறை சொன்னாலும் முதலில் காபி வரும். பிறகு "நோடோணா" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். மறுநாள் தங்கவேல் அண்ணன் சத்தமில்லாமல் வந்து சரிசெய்துவிட்டுப் போவார். கதவு ரொம்ப இறுக்கமாக இருக்கிறது, எட்டி உதைத்தால்தான் திறக்கிறது என்று நான் சொன்னதை மட்டும் அவர் சரிசெய்யவில்லை.

"அது இறுக்கமாத்தான் இருக்கோணும் தம்பி. உன்ற கால் வலிச்சா எண்ணெய் தேச்சுக்கோ."

அதை மனசில் வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷ ஆயுத பூஜை வந்தது. மறுநாள் விஜயதசமி. அதற்கு அடுத்த நாள் பெங்களூரில் ரேஸ். என் சிநேகிதன் நாகு அதில் ஓட்டுகிறான். அவன் பைக்கையும் சேர்த்துப் பூஜை போட்டுவிடலாம் என்று முந்தின நாள் சாயங்காலமே ட்ரெய்லருக்குள் ஏற்றிவிட்டோம்.

பூஜை என்று வந்துவிட்டால் எனக்கு வெறி பிடிக்கும். ட்ரெய்லருக்கு நீல பெயின்ட் அடித்தேன். கதவின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று நிறுத்தி, கதவுக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டினேன். கயிறு பற்றவில்லை; உள்ளே பைக்கைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன், பூசணிக்காய் உடைத்தேன்.

வீட்டுக்குள் சாமி அலமாரியில் அம்மாவின் அரிவாள்மணை, தங்கச்சி செல்வியின் தையல் கத்திரி, என் ஸ்பேனர்கள் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. ட்ரெய்லரைச் சாமிக்கு முன்னால் வைக்க முடியவில்லையே என்று எனக்கு ஏக்கம். உடனே மூளை வேலை செய்தது. (என் வாழ்க்கையில மூளை வேலை செஞ்ச நாளெல்லாம் வீட்டுல காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்காங்க. எச்சரிக்கைக்கு.) ட்ரெய்லர் சார்பாகப் பின்னை உருவி, காலி ஓட்டைக்குள்ளும் விடாமல் பெயின்ட் பூசிவிட்டு, அதை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். புளி போட்டுத் தேய்த்து, மூன்று பொட்டு வைத்து, ஒரு செவ்வந்திப்பூவும் சாத்தி, நடு மத்தியில் படுக்க வைத்தேன்.

"நாளைக்கு மறுபூஜை முடியிற வரைக்கும் ஒண்ணையும் யாரும் தொடக்கூடாது," என்றாள் அம்மா.

நான் தொடவில்லை. நினைக்கவுமில்லை.

விடிந்ததும் நாகு வந்தான். ஊர்வலக் கூட்டம் சேர்வதற்குள் ஊரைத் தாண்ட வேண்டும் என்று அவசரம். வாழைக்கன்றோடு ஹைவேயில் போனால் காற்று இழுக்கும் என்றான். அறுத்துப் போட்டேன். அடுத்த வீட்டு மாடு வந்து தின்றது. என் ட்ரெய்லரின் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பூட்டை அது அசை போடுவதை நானே நின்று பார்த்தேன்.

நாகு பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியாக உள்ளே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டான். ஓடுகிற ட்ரெய்லரில் ஆள் படுக்கக்கூடாது என்று தங்கவேல் அண்ணன் சொல்லியிருந்தார். நாங்கள் யார் பேச்சைக் கேட்டோம்.

வண்டி கிளம்பியும் பின்கதவு திறக்கவில்லை. எட்டி உதைத்தால்தான் திறக்கும் என்று நான் குறை சொன்னேனே, அந்த இறுக்கமும் காயாத பெயின்ட்டும்தான் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. அங்கே ஒரு ஸ்பீட் பிரேக்கர். டமார் என்று ஒரு சத்தம். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். பண்டிகை நாள், சந்தோஷமாக இருக்கிறார் போலிருக்கிறது என்று நானும் இரண்டு அடி அடித்தேன்.

எதிரே ஜனங்கள் ஊர்வலம் பார்க்க மைசூருக்கு வந்துகொண்டிருந்தார்கள். பஸ், டெம்போ, மாட்டுவண்டி. எல்லாரும் என் வண்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். சில பேர் கும்பிட்டார்கள். பெயின்ட் அவ்வளவு நன்றாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன். கதவு தரையில் இழுபட்டுப் பொறி பறந்துகொண்டிருந்தது. நிறுத்திவிட்டு ஓடினேன்.

பைக் இல்லை. அது சரிவில் தானாக இறங்கி, ரோட்டோரம் வாய்க்காலில் போய் உட்கார்ந்துவிட்டது. நாகு மட்டும் கட்டிலில் சம்மணம் போட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு, திறந்த ட்ரெய்லரில் ஊரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"பழனி, நான் உயிரோட இருக்கேனா?" என்றான்.

"இருக்கே."

"அப்ப அவங்க ஏன்டா கும்பிட்டாங்க?"

யாருக்கும் அடியில்லை. பைக்கின் ஹேண்டில் மட்டும் ஆட்டுக் கொம்பு மாதிரி முறுக்கிக்கொண்டது. கதவில் பின் இல்லை. எனக்கு வந்ததே கோபம். பைக்கை ஏற்றி, நாகுவின் லுங்கியால் கதவைக் கட்டி, வண்டியைத் திருப்பினேன். நேராகக் கம்பெனி.

விஜயதசமி நல்ல நாள் என்று அன்றைக்கு ஆபீஸைத் திறந்து வைத்திருந்தார் புட்டசாமி சார். ஓசூரிலிருந்து அப்பா, மகன் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பத்து ட்ரெய்லருக்கு ஆர்டர் கொடுக்க வந்த பார்ட்டி. மேஜையில் மைசூர்பாகு. தங்கவேல் அண்ணன் புதுச் சட்டை போட்டு ஓரமாக நின்றார். இந்த ஆர்டர் கிடைத்தால் அவரை மேஸ்திரி ஆக்குவதாகச் சொல்லியிருந்தார் முதலாளி. அன்னூரில் இருந்த பொண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவர வீடுகூடப் பார்த்துவிட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும். டீக்கடையில் அவரே சொன்னதுதான்.

அந்த நேரத்தில் நான் உள்ளே போனேன். எனக்குப் பின்னால், லுங்கியைக் கதவுக்குக் கொடுத்துவிட்ட நாகு போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

"வாங்க பழனி," என்றார் புட்டசாமி சார். முகம் வெளுத்துவிட்டது. "காபி குடிக்கலாமா?"

"காபியா? ஒரு மனுசன் வாய்க்காலுக்குப் போயிருப்பான் சார். உங்க பின்னு ஒடஞ்சு ரோட்ல விழுந்துருச்சு."

ஓசூர்ப் பெரியவர் என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க இந்த வண்டி ஓனரா? உங்க அபிப்பிராயம் என்ன?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. சொன்னேன். காபி ஆறி, ஆடை கட்டி, ஆடைமேல் ஈ உட்காரும் வரை சொன்னேன். இரும்பு இரும்பே இல்லை, தகரம் என்றேன். வெல்டிங்குக்குப் பதில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்றேன். ஓசூர் மகன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தான்.

புட்டசாமி சார் திரும்பினார். "தங்கவேலு, அந்தப் பின்னு போட்டது யாரு?"

"நாந்தானுங்க."

"நாளையிலிருந்து வர வேண்டாம்."

தங்கவேல் அண்ணன் வெளியே போய் ட்ரெய்லர் கதவைப் பார்த்தார். பின் சொருகும் ஓட்டைக்குள் விரலை விட்டார். விரலில் நீல பெயின்ட். பின் உள்ளே இருந்திருந்தால் அங்கே பெயின்ட் போயிருக்காது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏன் தம்பி, நேத்துப் பூசைக்கு எதையாச்சும் கழட்டி..."

"பேச்சை மாத்தாதீங்கண்ணே."

அவர் மாற்றவில்லை. புதுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, தன் சாமான் பெட்டியை எடுக்கப் போனார்.

அப்போதுதான் வாசலில் சைக்கிள் மணி. செல்வி. லுங்கி கட்டிய ட்ரெய்லர் தெருவைத் தாண்டிப் போனதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்திருக்கிறாள். கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் பொரி, சுண்டல், வாழைப்பழம். நடுவில் வாழை இலைமேல், மூன்று பொட்டோடு, செவ்வந்திப்பூவோடு, பின்.

"அண்ணா, மறுபூஜை முடிஞ்சுதாம். இப்ப எடுத்துக்கலாமாம், அம்மா சொல்லிச்சு. சுண்டலை எல்லாருக்கும் குடுக்கச் சொல்லிச்சு."

நாகு தட்டிலிருந்து ஒரு பிடி சுண்டலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு சரியா இருக்கு," என்றான்.

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பின்னையே பார்த்தேன். புளி போட்டுத் தேய்த்ததில் என் மூஞ்சி அதில் நன்றாகத் தெரிந்தது.

"தங்கவேலண்ணே," என்றேன். "பெட்டியைக் கீழ வைங்க. பின்னு ஒடையல. நான்தான் கழட்டினேன்."

முதலில் சிரித்தது ஓசூர்ப் பெரியவர்தான். சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, ஆறிப்போன என் காபியை அவர் குடிக்க வேண்டியதாயிற்று. பிறகு எழுந்து போய், லுங்கியை அவிழ்த்து, கதவை அழுத்தி மூடி, பின் இல்லாமலே கையால் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. காலால் உதைத்தார். அப்புறம்தான் வந்தது.

"பின்னே இல்லாம ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் தாங்கிச்சா?" என்றார். "பேனாவை எடுடா மகனே. ஆனா சார், ஒரு கண்டிஷன். எங்க ஊர்லயும் ஆயுத பூஜை உண்டு, இந்த மாதிரி ஆளும் உண்டு. பின்னைச் செயின் போட்டு வண்டியோட கட்டிக் குடுங்க."

தங்கவேல் அண்ணன் மேஸ்திரி ஆனார். மேஸ்திரி ஆகி அவர் வெல்டிங் செய்த முதல் செயின் என் ட்ரெய்லருக்குத்தான், அதே நாள், இலவசமாக. கம்பெனியின் கவனிப்பைப் பற்றி அதற்குப் பிறகு நான் ஒரு குறையும் வரைந்ததில்லை. நாகுவின் ஹேண்டிலையும் அவரே சூடு காட்டி நிமிர்த்திக் கொடுத்தார். மறுநாள் ரேஸில் நாகு கடைசிக்கு முந்தின இடம். வழக்கமாகக் கடைசி.

"பெயின்ட்டைப் பாத்ததுமே தெரிஞ்சுதில்லண்ணே, ஏன் சொல்லல?" என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"நீ எங்க தம்பி சொல்ல உட்டே," என்றார்.

கம்பெனியில் அந்தச் செயினுக்குப் பழனி செயின் என்று பேர் வைத்துவிட்டார்கள். விளையாட்டாக ஆரம்பித்தது பில்லிலும் ஏறி, மற்ற ஷெட்டுகளுக்கும் பரவிவிட்டது. ஆக, கண்டுபிடித்தேன் என்று முதலில் சொன்னதில் ஒரு சாண் செயின் அளவுக்கு உண்மை இருக்கிறது.

போன மாதம்கூட ஒரு ட்ரெய்லர் சாமான் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பையன், "பின்னு பழனி செயினோட வேணுமா, இல்லாமயா?" என்றான்.

"யாருப்பா அந்தப் பழனி?" என்றேன், மீசையைத் தடவிக்கொண்டு.

"யாரோ லூசு சார். பின்னைக் கழட்டிச் சாமிக்கு வச்சிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டானாம்."

அதற்கு நான் அவனிடம் என்ன சொன்னேன் என்றால்...

இருங்கள், சமையல்கட்டிலிருந்து என் பொண்டாட்டி கூப்பிடுகிறாள். இன்றைக்கும் ஆயுத பூஜைதான்.

"ஏங்க, குக்கர் வெயிட்டைக் காணோம். பூஜைல வச்சீங்களா?"

நான் வைக்கவில்லை. பளபளவென்று இருந்தது, தேய்த்தேன், அவ்வளவுதான்.

"வச்சீங்களா இல்லையா? அரிசி கொழஞ்சுட்டு இருக்கு."

வருகிறேன்.