முருங்கைக்காய் பறித்த வாள்

“ஏம்மா, கத்திக்கும் வாளுக்கும் இன்னா வித்தியாசம்?”

பெண் பார்க்க வந்த அன்று மாமனார் சக்கரபாணி ரேவதியிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான். சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா, எதுவரைக்கும் படிச்சிருக்கே என்றெல்லாம் கேட்பார்கள் என்று அவள் அம்மா பயிற்சி கொடுத்து வைத்திருந்தாள். இந்தக் கேள்வி அந்தப் பாடத்தில் இல்லை. ரேவதி பஜ்ஜித் தட்டை நீட்டியபடியே தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“கத்தி எல்லார் வீட்லயும் இருக்கும். வாள் உங்க வீட்ல மட்டும்தான் இருக்கும்.”

சக்கரபாணி ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, “பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு” என்றார். மாப்பிள்ளை அருண்பிரசாத் அதன் பிறகுதான் தலையைத் தூக்கிப் பெண்ணைப் பார்த்தான்.

கல்யாணமான அதே வருஷம், ஆயுத பூஜை அன்று காலை, வேங்கிக்கால் வீட்டின் பின்பக்கத் துவைக்கும் கல்லில் ரேவதி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நீள வாள். வெயில் பட்டு அது எதிர்வீட்டு மாடிச் சுவர் வரைக்கும் வெளிச்சம் அடித்தது. முகம் பார்க்கலாம் போல இருந்தது. பார்த்தாள். அவள் முகத்துக்குப் பின்னால் கணவன் முகமும் அதில் தெரிந்தது. வாய் திறந்தபடி இருந்தது.

“இன்னாடி பண்ணி வெச்சிருக்கே?”

“தேய்ச்சேங்க.”

“எத போட்டு?”

“புளி. அப்புறம் கொஞ்சம் சாம்பல். எவ்ளோ அழுக்கு தெரியுமா? கருகருன்னு இருந்துச்சி.”

அருண்பிரசாத் ஈரத் தரை என்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்தான்.

“அது அழுக்கு இல்லடி. வயசு! முந்நூறு வருஷத்து வயச நீ புளி போட்டுத் தேய்ச்சி சாக்கடைல ஊத்திட்ட.”

“மாமாதான் பூசைக்கு எல்லாத்தையும் தொடச்சி வைக்கச் சொன்னாரு.”

“தொடன்னா துணியால தொடறதுதான்!”

ரேவதி பிறந்த அடி அண்ணாமலையில் அப்படி இல்லை. ஆயுத பூஜை என்றால் அரிவாள், மண்வெட்டி, அரிவாள்மனை எல்லாம் கிணற்றடிக்கு வந்துவிடும். பளபளவென்று இல்லாத ஒன்றைச் சாமி முன்னால் வைப்பது குளிக்காமல் கோயிலுக்குப் போவது மாதிரி. அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. எது ரொம்ப அழுக்கோ அதை முதலில் தேய்க்க வேண்டும். அதனால்தான் அலமாரியிலிருந்த மற்ற வாள்கள் தப்பித்தன. மாட்டிக்கொண்டது சக்கரபாணியின் உயிர்.

அந்த வாள் அவருக்குக் கிடைத்ததே ஒரு கதை. நில அளவைத் துறையில் வேலை பார்த்தபோது ஆரணிப் பக்கத்தில் ஒரு தோட்டத்தை அளக்கப் போனார். அங்கே ஒரு அம்மாள் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். கழியின் நுனியில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது ஒரு வாள். சக்கரபாணி அளவுச் சங்கிலியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அன்று சாயங்காலமே புதுத் தொரட்டி ஒன்று வாங்கிக் கொடுத்து வாளைக் கேட்டார். “இது இன்னும் நீளமா இருக்குதே!” என்று அந்த அம்மாளுக்கும் ஒரே சந்தோஷம்.

ஒரு வாளை அவர் கையில் வாங்கும் விதத்தை ரேவதி கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள். பிறந்த குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்குவார். பிறகு ஒரே விரலில் கிடத்துவார். முன்னும் பின்னும் நகர்த்தி, அசையாமல் நிற்கும் இடம் வந்ததும், “இங்கதான் இதோட உசுரு” என்பார். வளைவைப் பார்த்து, குதிரைமேல் இருந்தவன் பிடித்ததா, தரையில் நின்றவன் பிடித்ததா என்று சொல்வார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வார். சொந்தக்காரர்கள் அவருக்கு ‘துருப்பிடிச்சவரு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அன்றைக்கு மட்டும் பாயசம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

அந்தச் சிரிப்புக்கெல்லாம் நாளைக்குப் பதில் வரப்போகிறது. அருங்காட்சியகத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற அப்பாண்டைராஜ் வந்தவாசிப் பக்கத்திலிருந்து வருகிறார். ஜில்லாவின் பழைய ஆயுதங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறார். முருங்கைக்காய் வாளை அவர் பழசு என்று ஒப்புக்கொண்டால், புத்தகத்தின் முதல் படம் அதுதான். கீழே சக்கரபாணியின் பெயர் வரும்.

“அப்பா எப்ப வருவாரு?” என்று கேட்டான் அருண்பிரசாத்.

“சாயங்காலம். போளூர்ல யாரோ வீட்டுப் பரண்ல கேடயம் இருக்குதாம்.”

“அதுக்குள்ள இத துருப்புடிக்க வைக்கணும். உப்புத் தண்ணி கொண்டா.”

உப்புத் தண்ணீரை ஊற்றி வெயிலில் வைத்தார்கள். துரு பிடித்தது. ஆனால் ஆரஞ்சு நிறத்தில், வட்டம் வட்டமாக. சற்று நேரத்தில் வாள் சிறுத்தையாக மாறி இருந்தது.

“போன வருஷம் மாட்டுக்கு வந்துச்சே ஒரு நோவு, அது மாதிரி இருக்குதுங்க.”

“பேசாத. எதனா பண்ணு. நான் லாட்ஜுக்குப் போவணும், பூசை இருக்குது” என்று சொல்லி, கிழக்குக் கோபுரத் தெருவில் தான் மேனேஜராக இருக்கும் லாட்ஜுக்கு அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிட்டான்.

ரேவதி பூஜைக்கு வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை அறுத்து அந்த ஆரஞ்சுப் புள்ளிகளைத் தேய்த்தாள். புள்ளிகள் போயின. அவள் நிம்மதியாக மூச்சுவிடுவதற்குள் வாள் முழுக்கக் கோடுகள் எழுந்தன. வளைந்து நெளிந்து, ஏரித் தண்ணீரில் காற்று அடித்த மாதிரி மெல்லிய கோடுகள். தேய்க்கத் தேய்க்க இன்னும் நன்றாகத் தெரிந்தன. ரேவதிக்கு அழுகை வந்தது. இரும்புக்கே கீறல் விழும்படி தேய்த்துவிட்டோமே!

கோடும் மறைய வேண்டும், கருப்பும் வர வேண்டும். யோசித்தபோது வெள்ளைப் புடவையில் டீ கொட்டினால் என்ன ஆகும் என்பது நினைவுக்கு வந்தது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, டீத்தூளை அள்ளிப் போட்டு, அது கொதிப்பதற்குள் வாளைத் துடைத்து எடுத்துவரப் போனாள்.

அந்த நேரத்தில் மாமியார் கஸ்தூரி சமையலறைக்குள் வந்தாள். டீ கொதிக்கிறது, சர்க்கரை டப்பா மூடியபடியே இருக்கிறது. மருமகள் மறந்துவிட்டாள் போல என்று நினைத்தாள். சத்தம் போட்டுச் சொன்னால் சின்னப்பெண் வருத்தப்படும். ஒரு கை நிறையச் சர்க்கரை போட்டாள். இஞ்சியைத் தட்டிப் போட்டாள். நாள் கிழமையாயிற்றே என்று ரெண்டு ஏலக்காயும் போட்டாள். ஒன்றும் தெரியாதவள் போல டி.வி. முன்னால் போய் உட்கார்ந்தாள். அவ்வளவு நல்ல மாமியார்.

டீ வேலை செய்தது. ஊற்ற ஊற்ற வாள் பழுப்பாகி, ஆழ்ந்த கருஞ்சிவப்பாகி, கோடெல்லாம் உள்ளே அமுங்கிப்போயிற்று. ஃபேனுக்குக் கீழே காயவைத்தாள். தொட்டால் விரல் லேசாக ஒட்டியது. பழைய சாமான் என்றால் ஒட்டத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் சக்கரபாணி வந்தார்.

“கேடயம் எப்பிடிங்க?” என்றாள் கஸ்தூரி.

“அண்டா மூடி.”

“அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“பின்ன? ராஜா காலத்துக் கேடயம்னு ஊரக் கூட்டி வெச்சிருந்தாங்க. எப்பிடிச் சொல்றதுன்னு எனக்கே கஷ்டமாப் போச்சி. ஆனா நல்ல மூடி கஸ்தூரி. அடியே படாத மூடி.”

பூஜை நடந்தது. முருங்கைக்காய் வாளுக்குப் பொட்டு வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். ரேவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

“இன்னிக்கி இதோட நிறம் இன்னும் ஆழமாத் தெரியுது” என்றார் சக்கரபாணி. “நாளைக்கி விருந்தாளி வராருன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு.”

மறுநாள் காலை அப்பாண்டைராஜ் மனைவி கனகலதாவுடன் வந்து இறங்கினார். மெலிந்த, மென்மையான மனிதர். ஆயுதங்களுக்காகவே வாழ்ந்தவர். கொசுவைக்கூடக் கையால் விசிறித்தான் அனுப்புவார்.

“சமணக் குடும்பத்துல பொறந்துட்டு வாள் பின்னாடி சுத்துறியேன்னு எங்க ஊர்ல கேப்பாங்க” என்றார் சிரித்துக்கொண்டே. “கொல்றதுக்குன்னு செஞ்ச பொருள்ல கொல்றத விட்டுட்டா மிச்சம் இருக்கிறது அழகு மட்டும்தான். நான் அந்த மிச்சத்தத்தான் பாக்கறேன்.”

இப்படி ஒரு வாக்கியத்துக்காகச் சக்கரபாணி எத்தனை வருஷமாகக் காத்திருந்தாரோ! பூஜை அறையைத் திறந்தார்.

ஜன்னலிலிருந்து ஒரு கருப்புக் கோடு இறங்கித் தரையில் வந்து பலகையில் ஏறியது. வாளைச் சுற்றி எறும்புகள் பௌர்ணமிக் கூட்டம் மாதிரி கிரிவலம் போய்க்கொண்டிருந்தன.

சக்கரபாணி தோள் துண்டை ஓங்கினார்.

“தட்டாதீங்க!” என்று பதறினார் அப்பாண்டைராஜ். “உசுருங்க சார். வேலைய முடிச்சிட்டு அதுங்களே போயிடும்.”

எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஆயுத நிபுணர், ஆயுதம் சேர்ப்பவர், இரண்டு மனைவிமார், ஒரு மகன், ஒரு மருமகள் என்று ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு எறும்புகளைப் பார்த்தார்கள். எறும்புகளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

கடைசியில் கனகலதாதான் எழுந்து, “கொஞ்சம் சக்கர குடுங்க” என்று வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்தார். ஊர்வலம் மெல்லத் திரும்பியது.

அப்பாண்டைராஜ் பூதக்கண்ணாடியை எடுத்தார். குனிந்தார். மூக்கைச் சுருக்கினார்.

“இஞ்சி வாசனை வருதே.”

“குதிரைங்களுக்கு மருந்துல இஞ்சி சேப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன் சார். ஒருவேளை...” என்றார் சக்கரபாணி.

“ஏலக்காய் கூட...”

“அது... தெரியல சார்.”

அருண்பிரசாத் உத்தரத்தைப் பார்த்தான். அப்பாண்டைராஜ் வாளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“பிடிய வெச்சிக் காலம் சொல்றவங்க உண்டு. நான் நிறத்த வெச்சிச் சொல்வேன். முந்நூறு வருஷக் காத்து படாம இந்த நிறம் வராது. முதல் படம் இதுதான். ‘கை படாமல் காக்கப்பட்ட வாள்’னு உங்க பேரப் போட்டு எழுதப் போறேன்.”

சக்கரபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நான் ஒண்ணும் பண்ணல சார். கை வெக்காம இருந்தேன். அவ்ளோதான்.”

ரேவதியால் அதைத் தாங்க முடியவில்லை. பேசாமல் இருந்தால் பெயர் வரும். ஆனால் அண்டா மூடியை அண்டா மூடி என்று ஊர் நடுவில் சொல்லிவிட்டு வந்த மனிதர் பெயருக்குக் கீழே ஒரு பொய்யா? முதல் முறையாக அந்த வீட்டில் அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

“மாமா, அது வயசு இல்ல. டீ.”

புளி, உப்பு, எலுமிச்சம்பழம் என்று வரிசையாகச் சொன்னாள். உப்பு கணவனின் யோசனை என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

“அய்யய்யோ, அந்த டீயா!” என்றாள் கஸ்தூரி. “நான் சக்கர வேற போட்டனே!”

சக்கரபாணி வாளைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தன் துண்டை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தார். திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் துண்டை அப்பாண்டைராஜிடம் நீட்டினார்.

“தொடச்சிப் பாருங்க சார். உள்ள இன்னா இருக்குதோ அதையே எழுதுங்க. ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னு எழுதுங்க.”

அப்பாண்டைராஜ் முகம் சிவந்திருந்தது. வேண்டாவெறுப்பாக ஒரு இழுப்பு இழுத்தார். கை நின்றது. இன்னொரு இழுப்பு. கருப்புக்கு அடியிலிருந்து ஏரித் தண்ணீர் போல அலை அலையாகக் கோடுகள் எழுந்து வந்தன.

“உருக்கு” என்றார் மூச்சுக்குள். “பழைய காலத்து உருக்கு சார் இது! அந்த எஃகுலதான் இந்த அலை ஓடும். புளிப்பு நல்லா ஏறினாத்தான் கண்ணுக்குத் தெரியும். இத்தன வருஷம் அழுக்குக்குள்ள தூங்கிட்டு இருந்திருக்குது.”

சக்கரபாணி இரண்டு கையாலும் வாளை வாங்கினார். அலைகளின்மேல் விரல் படாமல் விரலை ஓட்டினார். பிறகு மருமகளைப் பார்த்தார். புத்தகத்தின் முதல் படத்துக்கு அவர் முகத்தைப் போட்டிருந்தாலும் தகும்.

“எத்தன எலுமிச்சம்பழம்மா?”

“இருந்ததெல்லாம் மாமா.”

ஆனால் அப்பாண்டைராஜுக்கு மனசு ஆறவில்லை. டீயிடம் தோற்றுப்போனது அவருக்கு உறுத்தியது.

“இருந்தாலும் வாள் மேல கை வெக்கறது தப்பு” என்றார். “நான் ஏன் ஏமாந்தேன்னா, எங்க வீட்ல எங்க தாத்தா வெச்ச வாள் ஒண்ணு இருக்குது. அச்சு அசல் இதே நிறம். இன்னிக்கி வரைக்கும் ஒரு விரல் பட்டதில்ல. அந்த நிறத்தப் பக்கத்துல வெச்சிப் பாத்துத்தான், நான் இதுவரைக்கும் எல்லா வாளுக்கும் வயசு சொல்லியிருக்கேன்.”

சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்த கனகலதா ரேவதி பக்கம் சாய்ந்து, பெண்ணுக்குப் பக்குவம் சொல்வது போலச் சொன்னார்.

“டீன்னா சக்கர விழுந்துடும்மா, எறும்பு வரும், நான் வருஷா வருஷம் பூசைக்குத் தேய்ச்சிட்டு வெறும் காப்பி டிகாஷன்தான் ஊத்துவேன்.”

அப்பாண்டைராஜ் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எழுந்தார். வாசலில் கிடந்த சக்கரபாணியின் செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனார்.