நேரில் வந்து அழைத்ததாகக் கொள்ளவும்

நீலசந்திரா, பெங்களூர்
5-8-2002

பெருமதிப்பிற்குரிய மச்சான் சண்முகம் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை மரகதத்தைக் கைப்பிடித்த நாள் முதலாகத் தங்கள் சொல்லைத் தட்டாத மாப்பிள்ளை வைத்தீஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மரகதமும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அத்திபெலேயில் தாங்களும் ஜானகி அக்காவும் பிள்ளைகள் கிஷோரும் தீபிகாவும் சுகமாக இருப்பீர்கள், ஆடி மாதமானாலும் பெயின்ட் கடையில் வியாபாரம் படுத்துவிடவில்லை என்று நம்புகிறேன். போன வாரம் தங்கள் பெயரில் கிஷோர் என் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பிய மெயில் வந்து சேர்ந்தது. படித்தேன், சந்தோஷம். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் என் வயிற்றெரிச்சலைத் தாங்கள் கேட்டே ஆகவேண்டும். இதையும் மெயிலில் எழுதியிருக்கலாமே மாமா என்று கிஷோர் கேட்பான். சம்பளத்துக்கு எழுதுகிற மெயிலே மாமாவின் பாதி உயிரைக் குடித்துவிட்டது, மீதியைச் சொந்தக்காரர்களுக்காகக் காபந்து பண்ணி வைத்திருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.

ஃபாக்டரியை இழுத்து மூடியபோது, ஐம்பத்திரண்டு வயதில் இனி என்னை எவன் சீந்துவான் என்று நான் மூலையில் உட்கார்ந்திருந்ததும், தாங்கள் கடை வாடிக்கையாளர் ஒருவரிடம் பேசி அடுகோடியில் இந்த வேலையை வாங்கித் தந்ததும் எனக்கு மறக்காது. அமெரிக்காக்காரன் வீட்டில் துணி துவைக்கிற மெஷின் நின்றுபோனால் அவன் போன் செய்வது இந்த அடுகோடிக்குத்தான். இங்கே இருக்கிற பிள்ளைகள் காதில் ஒரு மாட்டலை மாட்டிக்கொண்டு அவனுக்கு ஆறுதல் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அவ்வப்போது பயிற்சி வகுப்பு நடக்கும். அதற்கு எல்லாரையும் மெயிலில் அழைப்பது என் வேலை. "அழைப்பு எழுதறதுக்கு ஒரு ஆளா மாப்ள? அதுக்குச் சம்பளம் வேறயா?" என்று தாங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆறு மாதம் பார்ப்போம், வகுப்புக்கு ஆள் வந்தால் நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் மமதா சொன்னபோதுகூடச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது யாராவது சிரித்தால் அடிக்கலாம் போல இருக்கிறது.

முதல் வகுப்பு, நேரத்தை வீணாக்காமல் வேலை செய்வது எப்படி என்பது பற்றி. பாடம் எடுக்க வேதநாயகி அம்மாள் என்று ஒருவர் சென்னையிலிருந்து ரயிலேறி வந்தார். ஃபாக்டரியில் நான் எழுதிய சர்க்குலர்களைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதே லட்சணத்தில், மேலே கடித எண், அடுத்து பொருள், பார்வை, நிர்வாகத்தின் ஆணைப்படி சகல ஊழியர்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில் என்று தொடங்கி, வகுப்பின் நோக்கம், வரலாறு, வராதவர் தர வேண்டிய விளக்கம் எல்லாவற்றையும் எழுதி, கடைசிப் பத்தியில் நாளையும் இடத்தையும் கண்ணியமாகக் குறிப்பிட்டு அனுப்பினேன். ஒரு ஈ காக்காய் வரவில்லை, மச்சான். ஹாலில் இருந்த ஒரே ஜீவன், ஏணி மேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் முனியப்பன். அந்த அம்மாள் கடமை தவறாதவர், ஏணியைப் பார்த்தபடியே முழுப் பாடத்தையும் நடத்தி, முனியப்பனைக் கீழே இறக்கிச் சான்றிதழும் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து முனியப்பன் நாலரை மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறான். ஏனப்பா என்று கேட்டால் சான்றிதழைக் காட்டுகிறான்.

ஏன் வரவில்லை என்று சீட் சீட்டாகப் போய்க் கேட்டேன். தினேஷ் என்கிற பையன் மட்டும் மரியாதையாகப் பதில் சொன்னான்: "நீங்க அனுப்புனது ரொம்ப பெருசா இருந்துச்சு சார். ஊருக்குப் போறப்ப ட்ரெயின்ல படிக்கலாம்னு பிரின்ட் எடுத்து வெச்சிருக்கேன்."

மமதா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்காது, எனக்கு மெயில் எழுதச் சொல்லிக்கொடுத்தார், நானும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன், காலம் அப்படி. தலைப்பைப் பார்த்ததும் திறக்கத் தோன்ற வேண்டுமாம், நாலு வரிக்கு மேல் போகக்கூடாதாம், வந்தால் அவர்களுக்கு என்ன லாபம் என்பது முதலிலேயே தெரிய வேண்டுமாம். சரி என்று அட்சரம் பிசகாமல் அப்படியே எழுதினேன். தலைப்பு: "இந்தக் கம்பெனியில் உங்கள் எதிர்காலம்". கீழே: "வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மாடி ஹாலுக்கு வரவும். உங்கள் வாழ்க்கையே மாறப் போகிறது. ஒருவர் தவறாமல் வரவும்." ஆங்கிலத்தில்தான் எழுதினேன், தங்களுக்காகத் தமிழில் தருகிறேன். இதில் என்ன பிழை, சொல்லுங்கள். ஆனால் போன வருஷம்தான் பக்கத்துத் தெரு கம்பெனியில் இதே போல ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டம் போட்டு, பாதிப் பேர் கையில் கடுதாசியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்களாம். அது எனக்கு எப்படித் தெரியும்? மெயில் போன பத்தாவது நிமிஷம் ஆபீஸே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. ஒரு பெண் மேஜை மேல் இருந்த பிள்ளையாரை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அமெரிக்காவிலிருந்து மெஷின் ஓடவில்லை என்று போன் செய்த ஒருவருக்கு, எங்கள் பையன் தன் கஷ்டத்தைச் சொல்லி அழ, அவர் இவனுக்கு ஆறுதல் சொன்னாராம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, தானாகப் போய் எவன் கழுத்தை நீட்டுவான்? ஆளாளுக்கு வயிற்றுவலி, காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டார்கள். தினேஷ் அந்த வாரமே வேறு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். அவன் ஒருவன் வாழ்க்கையை என் மெயில் மாற்றியது வாஸ்தவம். வேதநாயகி அம்மாள் மறுபடியும் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முனியப்பன் கதவோரமாக வந்து, "மறுபடி நானே உக்காரணுமா சார்?" என்று கேட்டான்.

மமதா அன்றைக்கே சொல்லிவிட்டார். அடுத்த மாதம் இதே வகுப்பு, கடைசி முறை. ஹால் நிரம்பினால் நிரந்தர உத்தரவு, நிரம்பாவிட்டால் நன்றி வணக்கம். வீட்டில் மரகதத்திடம் சொல்ல நாக்கு எழவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது வேறு விஷயம்.

எங்கள் ஆபீஸ் வாசலில் வருகிறவர்களை விசாரித்து உள்ளே அனுப்புகிற பெண் பிரிஜெட். அவளும் நீலசந்திராதான், காலையில் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். மறுநாள் பஸ்ஸில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஒரு மாதிரி கீறீங்க?" என்றாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"நீயாவது வந்திருக்கலாமேம்மா? உனக்கு மெயில் வரலியா?"

"வந்துச்சு சார். ரெண்டு வாட்டியும் வந்துச்சு. ஆனா நீங்க கூப்டவே இல்லியே?"

"மெயில் அனுப்பறதுதாம்மா கூப்பிடறது!"

"அது மெயில் சார். ஊருக்கே வருது. டெய்லி பக்கத்துல உக்காந்து வரோம், 'பிரிஜெட்டு, வந்துடும்மா'ன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? சரி, நம்மள வேணாம்னுதான் இவுரு சொல்லல போலன்னு நானும் வுட்டுட்டேன். போன வாட்டி மட்டும் பயத்துல வரல."

எப்படி இருக்கிறது பார்த்தீர்களா! தகவல் எழுத்தில் போயிருக்கிறது, நாள் போயிருக்கிறது, இடம் போயிருக்கிறது, ஆனால் இந்த மகாராணியை நான் கூப்பிடவில்லையாம். இரண்டு நாள் அதே ஆத்திரத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் ஆத்திரம் தணிந்து பயம் வந்தது. எதிர்வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, அதன்படியே ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதினேன். எல்லாம் வல்ல இறைவன் அருளால், நிகழும் சுபதினத்தில், நேரத்தைச் சேமிக்கும் பயிற்சி நடைபெற இருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து விழாவைச் சிறப்பிக்கவும், இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கொள்ளவும், மதிய உணவு உண்டு. அத்தோடும் விட்டேனா? வீட்டிலிருந்து தாம்பாளத் தட்டை எடுத்துப் போய், அதில் கல்கண்டைக் கொட்டிக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயது மனுஷன், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்க, சீட் சீட்டாகப் போய் நின்றேன், மச்சான். போனில் இருந்தவர்களெல்லாம் அமெரிக்காக்காரனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எழுந்து நின்று கல்கண்டை எடுத்துக்கொண்டார்கள். முகேஷ் என்கிற பையன், "வீட்லயும் கூட்டியாரலாமா சார்? அப்டித்தானே போட்டிருக்கு?" என்று கேட்டான். வாய்ப் பழக்கம் என்னை விடுமா? "அவசியம் குடும்பத்தோட வந்துடணும். முந்தின நாளே வந்துடணும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

வந்தார்கள். அத்தனை பேரும் வந்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார்கள். பிரிஜெட் அவள் அண்ணன் ஆம்ப்ரோஸ் குடும்பத்தையே அழைத்து வந்தாள். முகேஷ் மாமியாரோடு வந்து, வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு சுவர்க் கடிகாரத்தை என் கையில் கொடுத்தான். நேரம் சம்பந்தப்பட்ட விசேஷம் என்பதால் யோசித்து வாங்கினானாம். அந்த மாமியார் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு, "பொண்ணு மாப்ள எங்கப்பா?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து வேதநாயகி அம்மாள் பட்டுப்புடவையோடு மேடையேற, "பொண்ணுக்குக் கொஞ்சம் வயசு ஜாஸ்தியாத் தெரியுதே" என்றார், அதுவும் மேடைக்குக் கேட்கும்படி. வகுப்பு தொடங்க ஒரு மணி நேரம் தாமதம், ஏனென்றால் தூரத்திலிருந்து வரவேண்டியவர்கள் வரட்டும் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் பாதிப் பேருக்குப் பற்றவில்லை. கிடைத்தவர்கள் பாயசம் எங்கே என்று என்னைக் கேட்டார்கள். வேதநாயகி அம்மாள் இனிமேல் பெங்களூர்ப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

ஆனால் ஹால் நிரம்பிவிட்டது. மமதா வாசலில் நின்று போட்டோ எடுத்துத் தலைமை ஆபீசுக்கு அனுப்பினார். எனக்கு நிரந்தர உத்தரவும் வந்துவிட்டது. தாங்கள் வாங்கித் தந்த வேலை நிலைத்தது, அதற்கு முதல் நமஸ்காரம் தங்களுக்கு. சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், அந்தக் கூட்டம் முழுக்க என் மெயிலைப் படித்துத்தான் வந்தது என்று மமதா தலைமை ஆபீசுக்கு எழுதிவிட்டார். தாம்பாளத் தட்டு அவர் கண்ணில் படவேயில்லை. இப்போது எல்லாக் கிளைக்காரர்களுக்கும், ஆட்களை வரவழைக்கும்படி அழைப்பு மெயில் எழுதுவது எப்படி என்று நான் பாடம் எடுக்க வேண்டுமாம். எதைச் சொல்லிக்கொடுப்பது? கல்கண்டு வாங்குகிற கடையையா?

எனக்குத் தாங்கவில்லை, மச்சான். எல்லாம் பட்டம் வாங்கின பிள்ளைகள். கடல் தாண்டி இருக்கிறவனோடு பேசிப் பிழைக்கிறார்கள். எழுத்தில் ஒரு தகவல் போனால் அதை மதித்து வரவேண்டியதுதானே? அழைப்பு என்றால் என்ன, இன்ன நாள், இன்ன இடம், அவ்வளவுதானே? இதில் மானம் எங்கே வந்தது, ரோஷம் எங்கே வந்தது? தட்டோடு வந்து நின்றால்தான் வருவேன் என்று ஒருவன் சொன்னால், அது படித்தவன் செய்கிற காரியமா? இப்படியிருந்தால் இந்த நாடு எங்கே உருப்படும்? தங்களைப் போலவும் என்னைப் போலவும் விவரம் தெரிந்தவர்கள்தான் எழுத்துக்கு மரியாதை கொடுத்துக் காட்ட வேண்டும்.

நிறைய எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளவும். ஜானகி அக்காவுக்கு எங்கள் வணக்கம். கிஷோருக்கும் தீபிகாவுக்கும் ஒரு குறையும் வராமல் அந்த மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். தங்கள் முழங்கால் வலிக்கு மரகதம் ஒரு தைலம் எடுத்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மாப்பிள்ளை,
வைத்தீஸ்வரன்

பி.கு.: கிஷோரின் மெயிலைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. தீபிகாவின் கல்யாண அழைப்பைப் போன மாதம் போனில் நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே எழுதியிருக்கிறான். சின்னத் தலைப்பு, முதல் வரியிலேயே முகூர்த்த நாளும் மண்டபமும், எந்த பஸ்ஸில் வருவது, சாப்பாடு எத்தனை மணிக்கு, எல்லாம் நாலே வரி. ஒரு குற்றம் சொல்ல முடியாது. என் வகுப்பில் அதைத்தான் உதாரணமாகக் காட்டப்போகிறேன். ஆனால் மரகதம் அதைக் கேட்டுவிட்டு, "மெயில் வந்துச்சு, சரி. எங்கண்ணன் கூப்ட்டாரா?" என்கிறாள். நானும் யோசித்துப் பார்த்தேன். கூடப்பிறந்த தங்கை, வீட்டுக்கு மாப்பிள்ளை, அத்திபெலேயில் பஸ் ஏறினால் இதோ நீலசந்திரா. தாங்களும் ஜானகி அக்காவும் தட்டோடு வந்து, குங்குமம் கொடுத்து, வாயால் அழைத்தாலொழிய நாங்கள் மண்டப வாசலை மிதிப்பதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்போம். மரகதம் வடைக்கு ஊறப்போடுகிறாள். இதை நான் அங்கே நேரில் வந்து சொன்னதாகவே கொள்ளவும்.