இரவல் பிள்ளைகளும் இணைப்புச் சொற்களும்

அன்பு மிகுந்த ரோதிகா சித்திக்கு,

இலிங்கா பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் சுகம். பன்றியும் சுகம், கிறிஸ்துமஸ் வரைக்கும். இத்தாலியில் நீங்களும், நீங்கள் பார்த்துக்கொள்ளும் காது கேளாத அம்மையாரும் சுகமாக இருக்க தேவமாதாவை வேண்டிக்கொள்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்பு வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தை நான் மூடிவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை, சித்தி. ஸ்மரந்தா டீச்சர் ஒரு மாதமாக இணைப்புச் சொற்கள் நடத்துகிறார்கள். "கண்ணுங்களா, 'ஏன்னா'ங்கிறது குதிரைக்கும் வண்டிக்கும் நடுவுல இருக்கிற கொக்கி. கொக்கிய மாட்டிட்டு வண்டிய நடுரோட்டுல விட்டுட்டுப் போவீங்களா? யாரு 'ஏன்னா'ன்னு சொன்னாலும் மீதிய நீங்க முடிக்கணும்" என்று சொல்லிச் சொல்லி, இப்போது தம்பி தூக்கத்தில்கூட முடிக்கிறான். இதற்கிடையில் மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளியைப் பூட்டிவிடுவார்கள், நாங்கள் நகரத்து விடுதிக்குப் போக வேண்டும், டீச்சரும் உங்களைப் போல இத்தாலிக்கு முதியவர்களைக் குளிப்பாட்டப் போக வேண்டியதுதான். நாங்கள் ஏழு பேர்தான். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலும் இதே கதைதான். அதனால் இரண்டு டீச்சர்களும் பேசி முடிவெடுத்தார்கள்: இன்றைக்கு அவர்கள் பிள்ளைகள் இங்கே, நாளைக்கு எங்கள் பிள்ளைகள் அங்கே. மாவு இரவல் வாங்குவதில்லையா, அதுபோல.

காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள் வைக்கோல் வண்டியில் வந்து இறங்கினார்கள். தோவாதெர் என்ற பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து என் ஆப்பிளைத் தின்றான். அதிகாரி வந்தார், பிளம் சாராயம் குடித்தார், வகுப்பைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். டீச்சர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள், நான்தான் நன்றாகச் சொல்வேன் என்று.

"சொல்லு பாப்பா. இன்னிக்கு வகுப்பு நிறைஞ்சிருக்கு, ஏன்னா...?" என்றார் அதிகாரி.

கொக்கி மாட்டிவிட்டாரே, சித்தி, நான் என்ன செய்ய?

"ஏன்னா பக்கத்து ஊர்ப் பசங்கள இரவல் வாங்கியிருக்கோம்."

டீச்சர் இருமினார்கள். அதிகாரி மீசையைத் தடவிக்கொண்டு, "ஆனா...?" என்றார்.

"ஆனா சாயங்காலம் திருப்பிக் குடுத்துடணும்."

"அதனால...?"

"அதனால நாளைக்கு நாங்க அங்க போறோம், ஏன்னா நாளைக்கு நீங்களும் அங்கதான் வர்றீங்க."

தோவாதெர் துள்ளி எழுந்து, "மேலும் எங்க டீச்சர் உங்களுக்காக வாத்து அடிக்கிறாங்க!" என்றான். டீச்சர் முகம் ஆட்டுப் பாலாடைக்கட்டி நிறத்துக்குப் போய்விட்டது. "அருமை" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார்.

வீட்டில் அப்பா, "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டி" என்றார். அம்மா, "எதுக்கு வாங்கணும்? பள்ளிக்கூடத்துக்குன்னு கொண்டு வருவாங்கல்ல, அதுலயே ஒண்ணு கேட்டு வாங்கிக்கலாம்" என்றாள். இதைவிடக் கொடுமை, ஊரிலேயே நம் வீட்டு விருந்தினர் அறைதான் நல்ல அறை என்பதால் அந்த அதிகாரியை இங்கேயே படுக்க வைத்திருக்கிறார்கள், அம்மாவின் சீதனக் கம்பளிகள் அத்தனையையும் போர்த்தி. சுவருக்கு அந்தப் பக்கம் நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். நான் பென்சிலை அழுத்தி எழுதக்கூடப் பயப்படுகிறேன். சித்தி, தயவுசெய்து என்னை இத்தாலிக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த அம்மையாரை நான் பார்த்துக்கொள்கிறேன். அவருக்குக் காது கேட்காது என்பது எனக்கு மிகவும் வசதி.

உங்கள் கைகளை முத்தமிட்டு, எல்லாப் புனிதர்களின் துணையும் உங்களுக்குக் கிடைக்க வேண்டிக்கொள்ளும்
பாவி இலிங்கா

பின்குறிப்பு: விடிந்துவிட்டது. டிக்கெட் அனுப்ப வேண்டாம். சாப்பாட்டு மேசையில் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, பள்ளிக்கூடம் குறைஞ்சா மொதல்ல என் நாற்காலிதான் போகும். இந்த இரவல் யோசனைய ரெண்டு டீச்சருக்கும் குடுத்ததே நான்தான்" என்றார். "அப்புறம் ஏன் ஐயா கேட்டீங்க?" என்றேன். "பாடம் ஏறியிருக்கான்னு பாத்தேன். நல்லாத்தான் ஏறியிருக்கு, அதான் பயமா இருக்கு" என்றார். இன்றைக்கு அவருக்கு மேலே உள்ள அதிகாரியும் மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு வருகிறாராம். எனவே என் தாடையைச் சுற்றி அம்மா கம்பளித் துணி கட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கடும் பல்வலி, வாயைத் திறக்க முடியாது. எண்ணிக்கைக்குத் தலை இருந்தால் போதுமாம்.